கார் அம்ப்ளிஃபயர் ஏன் சுடுகிறது, அதற்காகக் கவலைப்பட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகன ஒலி அமைப்புகளைப் பொருத்துபவர்களிடமும் திருத்துபவர்களிடமும் கொழும்பில் ஆண்டு முழுவதும் கேட்கப்படும் கேள்விகள் இவை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இன்னும் அதிகமாகக் கேட்கப்படுகின்றன. பதில்கள் 12 வோல்ட்டில் இயங்கும் இரண்டு அல்லது நான்கு சனல் (தனித்தனி ஒலி வெளியீடு) அம்ப்ளிஃபயர்களையும், சப்வூஃபருக்கான (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) மோனோ அம்ப்ளிஃபயர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டுள்ளன.

அம்ப்ளிஃபயரில் கையை வைக்க முடியவில்லை. பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. அம்ப்ளிஃபயரின் வெளி உடலாக இருக்கும் அலுமினியமும் அதன் மேலுள்ள வரி வரியான தகடுகளும், உள்ளே இருக்கும் திரான்சிஸ்டர்களின் வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பதற்காகவே இருக்கின்றன. உடல் சுடுகிறது என்றால் அந்த வேலை நடக்கிறது என்று பொருள். நல்ல சத்தத்தில் வெகுநேரம் பாடியும் உடல் குளிர்ந்தே இருந்து, அம்ப்ளிஃபயர் மட்டும் அடிக்கடி நின்று நின்று வேலை செய்கிறது என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். உள்ளே பிறக்கும் வெப்பம் உடலுக்கு வந்து சேரவில்லை என்பதை அது காட்டுகிறது.

சூடு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னர், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உடல் முழுவதும் பரவலாக இருக்கும் சூடு, அம்ப்ளிஃபயர் தன் வேலையைச் செய்வதால் வருவது. பியூஸ் கூட்டிலோ, வயர் நுழையும் திருகிலோ, எர்த் முனையிலோ, ஓர் இடத்தில் மட்டும் குவிந்திருக்கும் சூடு வேறு வகை. வாகனத்துக்குத் தீ வைக்கக்கூடியது இந்த இரண்டாவது சூடுதான். ஆனால் வாடிக்கையாளர்கள் கவலையோடு தொட்டுக் காட்டுவது எப்போதும் முதலாவதை.

அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு இடங்களில் இருந்து. பற்றரியிலிருந்து வரும் 12 முதல் 14.4 வோல்ட் வரையான மின்னழுத்தம் பெரிய சத்தத்துக்குப் போதாது என்பதால், அம்ப்ளிஃபயரின் ஒரு பாதி அதைக் கூடிய மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. மொஸ்ஃபெட்களும் (ஒரு வகைத் திரான்சிஸ்டர்) செப்புக் கம்பி சுற்றிய வளையமும் இருக்கும் பகுதி அது. அங்கே உள்ளே போகும் வலுவில் 10 முதல் 20 வீதம் வரை வெப்பமாகப் போய்விடும்.

மற்றப் பாதியில் வெளியீட்டுத் திரான்சிஸ்டர்கள் இருக்கின்றன; ஏபி வகுப்பு எனப்படும் பழைய முறையில் பெரும்பகுதி வெப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஒரு சனலுக்கு உண்மையாகவே 50 வோட் தரும் அம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு 50 வோட் கொடுக்க உச்சத்தில் 20 வோல்ட் வேண்டும் என்பதால், உள்ளே ஏறத்தாழ 24 வோல்ட் தயாராக நிற்கும். பாட்டின் ஒரு கணத்தில் ஸ்பீக்கருக்கு 8 வோல்ட் போதும் என்றால் அதில் 2 அம்பியர் மின்னோட்டம் பாய்ந்து 16 வோட் வலு ஸ்பீக்கருக்குச் செல்கிறது. மீதி 16 வோல்ட் திரான்சிஸ்டரின் குறுக்கே நிற்கிறது. அதே 2 அம்பியர் அதனூடாகவும் பாய்வதால் அங்கே 32 வோட் வெப்பமாகிறது. அந்தக் கணத்தில் ஸ்பீக்கர் பெற்றதைப்போல் இரு மடங்கு வலு அலுமினியத்தைச் சூடாக்கப் போய்விட்டது. இதில் யாருடைய கைத்தவறும் இல்லை; அந்தச் சுற்று வேலை செய்யும் முறையே அதுதான்.

சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் சுடுகிறதே?

மேலே சொன்ன கணக்கிலேயே இதற்கும் பதில் இருக்கிறது. ஸ்பீக்கருக்குத் தேவையான மின்னழுத்தம் உச்சத்துக்கு அருகில் இருக்கும்போது திரான்சிஸ்டரில் மிஞ்சுவது குறைவு. நடுத்தரச் சத்தத்தில்தான் அதிகம் மிஞ்சும். ஏபி வகுப்பு அம்ப்ளிஃபயர் ஒரே சீரான ஒலியைத் தரும்போது மிக அதிகமாகச் சூடாவது, முழு வலுவில் ஏறத்தாழ 40 வீதத்தில் இயங்கும்போதுதான். கடைசி வரை திருகியபோது சுடும், பாதியில் சுடாது என்ற எண்ணம் இந்த வகைக்குப் பொருந்தாது.

பாட்டு சீரான ஒலி அல்ல. மிருதங்கமோ டிரம்ஸோ விழும் நொடியில் உச்சம் வந்து உடனே இறங்கிவிடும். உச்சங்கள் சிதையாத அளவுக்கு உரக்க வைத்துக் கேட்கும்போது சராசரி வலு, முழு வலுவின் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதன்படி நான்கு சனலுக்கும் 50 வோட் உள்ள அம்ப்ளிஃபயர் சராசரியாக 25 வோட்டைத்தான் ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கிறது. அந்த நிலையில் வெளியீட்டுப் பகுதியின் வினைத்திறன் 28 வீதத்தைத் தாண்டாது. மின்னழுத்தத்தைக் கூட்டும் பகுதியின் இழப்பையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 105 வோட் எடுக்கப்படுகிறது. 80 வோட் வெப்பமாகிறது. உறை போட்டு மூடிய ஒரு பெட்டிக்குள் 80 வோட் குண்டு விளக்கு எரிந்தால் அந்தப் பெட்டி எப்படி இருக்குமோ, அம்ப்ளிஃபயரும் அப்படித்தான் இருக்கும்.

டி வகுப்பு வாங்கினால் இந்தப் பிரச்சினை தீருமா?

பெருமளவு தீரும். டி வகுப்பில் வெளியீட்டு மொஸ்ஃபெட்கள் முழுவதும் திறந்த நிலையிலோ முழுவதும் மூடிய நிலையிலோ மட்டும் இருந்துகொண்டு, நொடிக்குப் பல இலட்சம் தடவை மாறி மாறி இயங்குகின்றன. திறந்திருக்கும்போது குறுக்கே மின்னழுத்தம் மிஞ்சுவதில்லை, மூடியிருக்கும்போது மின்னோட்டம் பாய்வதில்லை. ஆகவே வெப்பமாவது மிகக் குறைவு. முழுச் சத்தத்தில் 80 முதல் 90 வீதம் வரை வினைத்திறன் கிடைக்கிறது. மேலே சொன்ன அதே 25 வோட் வேலைக்கு நல்ல டி வகுப்பு அம்ப்ளிஃபயர் 20 வோட் அளவிலேயே வெப்பத்தை வெளியிடும்.

ஆனால் அதனாலேயே தயாரிப்பாளர்கள் உடலையும் சிறிதாக்கிவிட்டார்கள். உள்ளங்கையளவு உடலிலிருந்து 20 வோட் வெளியேற வேண்டும் என்றால் அதுவும் சுடத்தான் செய்யும். சிறிய டி வகுப்பு அம்ப்ளிஃபயரை வாங்கிவிட்டோம், இனி எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்று நினைத்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் பஞ்சு சுற்றி அடைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஏபி வகுப்பு சத்தத்தில் இனிமை என்று இன்றும் வாதிடுபவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கொழும்பின் காலி வீதி எனும் நெடுஞ்சாலையின் இரைச்சலில், ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும் காருக்குள், அந்த வித்தியாசத்தைக் காதால் பிடிப்பது எளிதல்ல என்று மட்டும் சொல்வேன்.

எவ்வளவு சூடு வரை சரி? எப்படி அளப்பது?

கையால் பார்ப்பது முரட்டு அளவுதான் என்றாலும் பயன் உண்டு. 50 பாகை செல்சியஸ் அளவில் உலோகத்தில் கையைச் சற்று நேரம் வைத்திருக்கலாம். 60 பாகையில் இரண்டு மூன்று நொடியில் கை தானாக விலகிவிடும். 70 பாகையில் தொட்டவுடனேயே இழுத்துக்கொள்வோம். ஏபி வகுப்பு அம்ப்ளிஃபயர் ஒன்று உரத்த சத்தத்தில் ஒரு மணி நேரம் இயங்கிய பின்னர் 60, 65 பாகையில் இருப்பது இயல்பானதே. மனிதத் தோலுக்குத் தாங்காத இந்த வெப்பம் சிலிக்கனுக்குப் பெரிதல்ல. வெளியீட்டுத் திரான்சிஸ்டர்களின் உட்பகுதி பொதுவாக 150 பாகை வரை தாங்கும்படி செய்யப்பட்டது. அம்ப்ளிஃபயர் உடலின் வெப்பநிலை 80 பாகையைத் தாண்டும் அளவில் பாதுகாப்புச் சுற்று அம்ப்ளிஃபயரைத் தானாகவே நிறுத்திவிடும்.

சரியாக அளக்க வேண்டும் என்றால் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பார்க்கலாம். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்துப் பார்த்த கருவி இதற்கு உதவாது, ஏனெனில் அது மனித உடலின் வெப்பநிலையை மட்டும் அளக்கும்படி செய்யப்பட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. பளபளக்கும் அலுமினியத்தின் மீது நேரே பிடித்தால் அகச்சிவப்பு வெப்பமானி மிகக் குறைவான அளவையே காட்டும். பளபளப்பான உலோகம் அகச்சிவப்புக் கதிர்களைக் குறைவாகவே வெளிவிடுவதுதான் காரணம். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை உடலில் நன்றாக அழுத்தி ஒட்டி, சில நிமிடங்கள் விட்டு, அந்த டேப்பின் மேல் பிடித்து அளவெடுங்கள்.

கொழும்பின் வெயில் இதை மோசமாக்குகிறதா?

ஆம். அம்ப்ளிஃபயரின் வெப்பநிலை எப்போதும் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையிலிருந்து மேலே ஏறுவதாகவே கணக்கிட வேண்டும். அதே சத்தத்தில் அதே அம்ப்ளிஃபயர் காற்றைவிட 35 பாகை கூடுதலாக ஏறும் என்று வைத்துக்கொண்டால், நுவரெலியாவில் 15 பாகைக் குளிரில் அது 50 பாகையில் நிற்கும். கொழும்பில் ஏப்ரல் முற்பகுதியில், சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் நாட்களில், காலி முகத்திடல் பக்கம் வெயிலில் நிறுத்திய காரின் உட்புறக் காற்று 50 பாகையைத் தாண்டிவிடும். அங்கிருந்து 35 பாகை ஏறினால் 85. பாதுகாப்புச் சுற்று வேலை செய்யும் எல்லை அதுதான்.

எனவே மதியம் காரை எடுத்தவுடன் உரக்கப் பாட்டுப் போட்டு, பத்து நிமிடத்தில் சத்தம் நின்றுவிட்டது என்றால் அம்ப்ளிஃபயரைக் குறை சொல்லாதீர்கள். கண்ணாடிகளை இறக்கி, ஏசியைப் போட்டு, உள்ளே இருக்கும் கொதித்த காற்று வெளியேறும் வரை மெதுவாகக் கேட்டால் போதும். டிக்கிக்குள் ஏசிக் காற்று போகாத வகைக் கார்களில் இது உதவாது. அங்கே எந்த இடத்தில் பொருத்துகிறோம் என்பதே முக்கியம்.

எங்கே, எப்படிப் பொருத்துவது நல்லது?

சூடான காற்று மேலே போகும். அதற்கு வழி விடுங்கள். தகட்டு வரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி, நிமிர்ந்த பலகையில் பொருத்துவது மிகச் சிறந்தது. தட்டையாகப் படுக்க வைப்பதும் பரவாயில்லை. டிக்கியின் மேற்கூரையிலோ பின் தட்டின் அடிப்புறத்திலோ தலைகீழாகத் தொங்கவிடுவது மட்டும் வேண்டாம், அப்போது வெப்பம் அம்ப்ளிஃபயரின் உட்புறத்துக்கே திரும்பி ஏறும். சுற்றிலும் நான்கு ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். கார்ப்பெட்டுக்கு அடியில் மறைப்பது, சப்வூஃபர் பெட்டியின் மேலேயே திருகுவது, இரண்டும் தவறு. பெட்டியின் மேல் திருகினால் வெப்பத்தோடு அதிர்வும் சேர்ந்துகொண்டு, உள்ளே மின்னைச் சேமித்து வைக்கும் பெரிய கப்பாசிட்டர்களின் ஈயப் பற்றுகளை நாளடைவில் விரிசலாக்கிவிடும்.

முன்னிருக்கைக்கு அடியில் வைப்பது கொழும்பில் நல்ல தேர்வு என்பது என் கருத்து. ஏசியின் குளிர்ந்த காற்று அங்கே வந்து சேர்கிறது. ஆனால் வெள்ளம் தேங்கும் வீதிகளில் அடிக்கடி ஓடும் வாகனத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

வேனுக்கு வேறு ஆலோசனை தேவைப்படுகிறது, ஏனெனில் அம்ப்ளிஃபயருக்கு எதிரி அங்கே பயணப் பொதிகள்தான். பின்னிருக்கைக்குப் பின்னால் நேர்த்தியாகப் பொருத்தியிருப்பார்கள். விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றும் நாளில் அதன் மேல் பயணப் பைகளும் போர்வைகளும் அடுக்கப்படும். திருத்துவதற்கு வந்த அப்படி ஒரு அம்ப்ளிஃபயரின் தகடுகளில், இளகிய பையின் பிளாஸ்ரிக் பூச்சு வரி வரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே துளையிட்ட தகரக் கூடு ஒன்றை அடித்துப் போட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் தனியாக ஏதும் கவனிக்க வேண்டுமா?

இரண்டு விடயங்கள். முதலாவது, அந்தக் கார்களின் பெரிய ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பின்னிருக்கையின் அருகில் உள்ள சிறிய வாயிலால் காருக்குள்ளிருந்து உறிஞ்சப்படுகிறது. அந்த வாயிலை மறைத்துப் பெட்டியோ அம்ப்ளிஃபயரோ வைத்தால், அல்லது அம்ப்ளிஃபயரின் சூடான காற்று அதற்குள் போகும்படி பொருத்தினால், சேதமாவது அம்ப்ளிஃபயரைவிடப் பல மடங்கு விலையுள்ள பற்றரி. இரண்டாவது, இவற்றில் 12 வோல்ட்டை வழங்குவது அல்டர்னேட்டர் (இயந்திரத்தால் சுழலும் மின்பிறப்பாக்கி) அல்ல; பெரிய பற்றரியிலிருந்து மாற்றித் தரும் ஒரு மின்சுற்று. அது 'ரெடி' விளக்கு எரியும்போது மட்டுமே இயங்கும். 'ரெடி' இல்லாமல் டாஷ்போர்டில் இருக்கும் பாட்டுச் செட்டை மட்டும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் சிறிய 12 வோல்ட் பற்றரி விரைவாக இறங்கும்.

2 ஓமில் இணைத்தால் கூடுதல் வோட் கிடைக்கும் என்கிறார்கள். அதனால் சூடும் கூடுமா?

கூடும், அதுவும் கணிசமாக. ஓம் பாதியானால் அதே மின்னழுத்தத்துக்கு மின்னோட்டம் இரு மடங்காகிறது. திரான்சிஸ்டரில் வெப்பமாவதும் கிட்டத்தட்ட இரு மடங்கு. இரண்டு சனல்களைப் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, ஒரு 4 ஓம் சப்வூஃபரை இணைக்கும்போது ஒவ்வொரு சனலும் உணர்வது 2 ஓம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்ஜ் செய்து 2 ஓம் சப்வூஃபரை இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 1 ஓம். அதற்கென்று செய்யப்படாத அம்ப்ளிஃபயர் அங்கே நின்றுவிடும், அல்லது எரிந்துவிடும். கையேட்டில் பிரிட்ஜ் நிலைக்கு எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் கீழே போகவேண்டாம்.

வயரின் தடிமனுக்கும் அம்ப்ளிஃபயரின் சூட்டுக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. நான் காணும் பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

பற்றரியிலிருந்து டிக்கி வரை 5 மீற்றர் என்று வைப்போம். தூய செம்பாலான 8 கேஜ் (எண் குறையக் குறையத் தடிமன் கூடும்) வயரில் 40 அம்பியர் பாயும்போது வழியிலேயே 0.4 வோல்ட் அளவு விழுந்துவிடும், வயரில் 16 வோட் வெப்பமாகும். 4 கேஜ் என்றால் விழுவது 0.16 வோல்ட் மட்டுமே. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வயர் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை தூய செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், ஆகவே அந்த 8 கேஜ் வயரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் விழும். ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அலுமினியம்தான், ஈயம் பூசிய செம்பு என்றால் சுரண்டச் சுரண்டச் சிவப்புத் தெரியும்.

மின்னழுத்தம் குறைந்தால் அம்ப்ளிஃபயர் ஓய்வெடுக்கும் என்று நினைக்கக்கூடாது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் வகை அம்ப்ளிஃபயர்கள் தமக்கு வேண்டிய வலுவை எப்படியாவது எடுத்துக்கொள்ளும். 400 வோட் வேண்டும் என்றால் 14 வோல்ட்டில் 28.6 அம்பியர் போதும், 11.5 வோல்ட்டில் 34.8 அம்பியர் இழுக்கும். மின்னோட்டம் கூடக்கூட வயரில் விழுவதும் கூடுகிறது, மொஸ்ஃபெட்களும் இன்னும் சூடாகின்றன. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை ஊர்ந்து செல்லும் மாலை நேரத்தில், இயந்திரம் மெதுவாகச் சுழல, ஏசி விசிறி, விளக்குகள் எல்லாம் ஒன்றாக இழுக்கும்போது அல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியாமல் போவது இந்தச் சுழலைத் தொடக்கி வைக்கும். அதிவேகப் பாதையில் சரியாகப் பாடிய அம்ப்ளிஃபயர், காலி வீதிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது என்ற முறைப்பாட்டுக்கு இதுவே விளக்கம்.

எர்த் வயரும் இதே தடிமனில், அரை மீற்றருக்கு மேற்படாமல், வர்ணத்தைச் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கப்பட வேண்டும். கடலோரமாக வாகனத்தை நிறுத்துபவர்கள் அந்தத் திருகை ஆண்டுக்கொரு முறையாவது கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் அதன் அடியில் பழுப்பு நிறத் தூள் சேர்ந்திருந்தால் தூய்மைப்படுத்தி, மேலே கிரீஸ் பூசி மீண்டும் இறுக்குங்கள். பிரதான பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும், அது பாதுகாப்பது வயரை. பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரிய பியூஸைப் போட்டுக் கொடுப்பவரிடம் வாகனத்தைத் திரும்பவும் கொண்டுபோக வேண்டாம்.

பெட்டியில் 1500 வோட் என்று இருக்கிறது. அவ்வளவு வலுவுக்குச் சூடு குறைவாகத்தானே தெரிகிறது?

அந்த எண்ணை மறந்துவிட்டு, பக்கத்தில் செருகியிருக்கும் பியூஸ்களைப் பாருங்கள். 20 அம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 40 அம்பியர், 13.8 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போகக்கூடியதே 552 வோட். ஏபி வகுப்பு என்றால் அதில் பாதியை ஒட்டி, டி வகுப்பு என்றால் நான்கில் மூன்று பங்கு, வெளியே வரும். உள்ளே போகாத வலு வெளியே வர முடியாது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 வீதத்துக்கு மேற்படாமல் என்று நிபந்தனையோடு எழுதிய ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வலு) அளவு இருந்தால் அதை மட்டும் நம்புங்கள்.

பாதுகாப்புச் சுற்றின் 'புரொடெக்ட்' விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. காரணம் சூடா வேறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்போது நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. இருபது, முப்பது நிமிடம் பாடி, உடல் கொதித்த பிறகு நின்று, ஆறியதும் தானாக மீண்டும் தொடங்கினால் வெப்பம்தான். போட்டவுடனேயே விளக்கு எரிந்தால் குறுக்கிணைப்பு (ஷோர்ட்). அம்ப்ளிஃபயரை அணைத்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். விளக்கு அணைந்தால் பழுது ஸ்பீக்கரிலோ வயரிலோ, அணையாவிட்டால் அம்ப்ளிஃபயருக்குள். கதவு மடிப்பில் நசுங்கி உலோகத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஸ்பீக்கர் வயர் ஒன்று, குறைந்த சத்தத்திலும் ஒரு சனலை மட்டும் சுட வைக்கும். அப்போது உடலின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருக்கும். பேஸ் அடிக்கும்போது மட்டும் நொடிப்பொழுது நின்று வந்தால் மின்னழுத்தம் விழுகிறது. மேலே வயரைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

கெயின் திருகைக் கடைசி வரை வைத்திருப்பவர்களும் இந்த விளக்கை அடிக்கடி காண்பார்கள். கெயின் என்பது சத்தம் கூட்டும் திருகு அல்ல, செட்டின் வெளியீட்டோடு அம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. அதை அளவுக்கு மீறி வைத்தால் அலையின் உச்சிகள் வெட்டப்பட்டு, சராசரி வலு பல மடங்காகி, மின்வழங்கும் பகுதியும் ஸ்பீக்கர் சுருளும் சேர்ந்து கொதிக்கும்.

பாட்டே போடவில்லை, அப்போதும் இளஞ்சூடாக இருக்கிறது. இது சரியா?

செட் போட்டிருக்கும்வரை சரியே. ஏபி வகுப்பில் வெளியீட்டுத் திரான்சிஸ்டர்களில் எப்போதும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு சனல் அம்ப்ளிஃபயர் ஒன்று சும்மா இருக்கும்போதே ஓர் அம்பியர், ஒன்றரை அம்பியர் எடுப்பது வழக்கம். ஆனால் காலையில் காரைத் திறக்கும்போதே அம்ப்ளிஃபயர் சூடாக இருந்தால் அது இரவு முழுவதும் இயங்கியிருக்கிறது. ரிமோட் வயரை (அம்ப்ளிஃபயரை இயக்கவும் அணைக்கவும் சைகை தரும் வயர்) சாவியோடு இயங்கும் இடத்தில் இணைக்காமல், பற்றரியோடு நேரே இணைத்துவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். பற்றரி அடிக்கடி இறங்குகிறது என்று புதிய பற்றரி வாங்கிப் போட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

சும்மா இருக்கும்போதே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறினால் அது உண்மையான பழுது. திரான்சிஸ்டர் சூடாகச் சூடாக அதே கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தில் கூடுதல் மின்னோட்டத்தை விடும் இயல்புடையது. அதை ஈடுசெய்யும் சிறிய பாகம் உடலில் ஒட்டியிருக்கும். அது விலகிவிட்டால் சூடும் மின்னோட்டமும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். உடனே அணைத்துவிட்டுத் திருத்தக் கொடுங்கள்.

டாஷ்போர்டில் இருக்கும் அண்ட்ரொயிட் செட்டின் பின்புறமும் கொதிக்கிறதே?

அதற்குள்ளும் ஏபி வகுப்புச் சில்லு ஒன்று இருக்கிறது, காற்றோட்டமோ இல்லை. முகப்பில் '50 வோட், நான்கு' என்று எழுதியிருந்தாலும், மின்னழுத்தத்தைக் கூட்டும் பகுதி அதில் இல்லாததால் 14.4 வோல்ட்டைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்கின்படியே 26 வோட்டுக்கு மேல் சிதைவின்றிக் கொடுக்க முடியாது. நடைமுறையில் 20 வோட்டுக்கும் குறைவு. தனி அம்ப்ளிஃபயர் பொருத்தியபின் அந்தச் சில்லுக்கு வேலை இல்லாமல் போய், செட் கொஞ்சம் ஆறும்.

முச்சக்கரவண்டியிலும் பஸ்ஸிலும்?

முச்சக்கரவண்டியில் இயந்திரம் பின்னால் இருப்பதால், இருக்கைக்குப் பின்னுள்ள இடத்தில் வைக்கும் அம்ப்ளிஃபயர் கீழிருந்தும் சூட்டை வாங்குகிறது. முன்பக்கம், சாரதியின் காலடிக்கு மேலே பொருத்துவது நல்லது. டி வகுப்பைத் தவிர வேறு எதையும் அங்கே நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பஸ்கள் 24 வோல்ட்டில் இயங்குபவை. இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அந்தப் பற்றரி எப்போதும் குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டும் கெடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி போடுவதாக இருந்தால் டி வகுப்பைப் போல விட்டு விட்டு இயங்கும் சுவிட்சிங் வகையையே போடுங்கள். பழைய வகை, 10 அம்பியருக்கு 120 வோட்டை வெறும் வெப்பமாக எரித்துத் தள்ளும்.

தினமும் இப்படிச் சுட்டால் ஆயுள் குறையாதா?

குறையும், ஆனால் பயப்படும் அளவுக்கல்ல. வெப்பத்தால் முதலில் கிழடாவது கப்பாசிட்டர்கள். அவற்றின் வெப்பநிலை 10 பாகை குறைந்தால் ஆயுள் இரு மடங்காகும் என்பது துறையில் வழங்கும் பொதுவிதி. 105 பாகையில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கப்பாசிட்டர் 85 பாகையில் 8000 மணி நேரம் உழைக்கும்; நாளுக்கு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு அது பதினோரு ஆண்டுகள். 65 பாகையில் என்றால் கார் அதற்கு முன்னர் போய்விடும். ஆனால் 85 பாகை, 1000 மணி நேரம் என்று குறித்த மலிவான கப்பாசிட்டர் 75 பாகையில் வேலை செய்தால் மூன்று ஆண்டுகூடத் தாங்காது. பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய நல்ல அம்ப்ளிஃபயர் சில வேளைகளில் பெட்டி பிரிக்காத புதியதைவிட நீடித்து உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழையதை வாங்கினால் ஒரு வேலையைச் செய்வித்துவிடுங்கள். அடித்தட்டைக் கழற்றினால் திரான்சிஸ்டர்களுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் பூசிய வெள்ளைப் பசை தெரியும். நகத்தால் தொட்டதும் சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தால் அது வெப்பத்தைக் கடத்தாது. துடைத்துவிட்டு, இடையில் இருக்கும் மைக்கா அல்லது ரப்பர் தாளைக் கிழிக்காமல், புதிய பசையை மெல்லியதாகப் பூசிக் கிளிப்களை இறுக்கினால் போதும். தாள் கிழிந்தால் திரான்சிஸ்டர் உடலோடு குறுக்கிணைந்துவிடும், ஆகவே பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

கணினி விசிறி ஒன்றைப் பொருத்தலாமா?

தாராளமாகப் பொருத்தலாம். 12 வோல்ட்டில் இயங்கும் 80 மில்லிமீற்றர் விசிறி, தகட்டு வரிகளின் நீளத்துக்குக் காற்றுப் போகும்படி வைக்கப்பட்டால் நல்ல மாற்றம் தெரியும். ரிமோட் வயரிலிருந்து நேரே மின் எடுக்காமல் ஒரு ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) வழியாக எடுங்கள். மூடிய பெட்டிக்குள் விசிறி அதே சூடான காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும், பயனில்லை.

எப்போது பாட்டை நிறுத்திவிட்டு வாகனத்தை ஓரமாக நிறுத்த வேண்டும்?

பிளாஸ்ரிக் கருகும் வாடை வந்தால். பியூஸ் கூடு உருகி வளைந்திருந்தால் அல்லது அதன் ஒளி ஊடுருவும் மூடி பழுப்பாகியிருந்தால். வயரின் உறை முனையில் மென்மையாகி, அழுத்தினால் விரல் தடம் பதிந்தால். இவை தளர்ந்த இணைப்பின் அறிகுறிகள். தளர்ந்த இணைப்பு கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதில்லை என்பதால் பியூஸ் எரிந்து உங்களைக் காப்பாற்றாது. இயந்திரத்தை அணைத்து, பற்றரியின் மறை (–) முனையை முதலில் கழற்றிவிட்டு, அதற்குப் பின்னரே டிக்கியில் கை வையுங்கள்.